கேபினட் ஃபேன் இரைச்சல்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

டெஸ்க்டாப் இரைகிறது என்றதும் புது ஃபேன் வாங்கத்தான் பலருக்கும் கை போகும். பெரும்பாலும் ஃபேனில் பழுதே இருக்காது. அதை எந்த வேகத்தில் ஓடச் சொல்லியிருக்கிறோம், எதோடு சேர்த்து முடுக்கியிருக்கிறோம் என்பதில்தான் கோளாறு. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் காசு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. உங்கள் அறிகுறி இருக்கும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலையை மட்டும் எல்லோரும் செய்தாக வேண்டும்.

## முதல் வேலை: சத்தம் எந்த ஃபேனிலிருந்து?

இதில் காதை நம்பாதீர்கள். தகரப் பெட்டிக்குள் பின்னால் எழும் சத்தம் முன்னால் கேட்கும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் (இயங்குதளம் தொடங்குமுன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போங்கள். ஃபேன் பக்கம் ஆசுஸ் மதர்போர்டுகளில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பெயரில் இருக்கும். ஒவ்வொரு ஹெடராக (போர்டில் ஃபேன் ஒயரைச் செருகும் முள்வரிசை) எடுத்து வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். எதைக் குறைக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. அப்போது திரையில் தெரியும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் அது தேவைப்படும்.

குறைத்தும் பிடிபடவில்லை என்றால் கம்ப்யூட்டரை அணைத்து, பவர் சப்ளை சுவிட்சை ஆஃப் செய்து, ஒயரை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு கேபினட் ஃபேன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் மீண்டும் பயாஸ் வரை போய்க் கேளுங்கள். கேபினட் ஃபேன் இல்லாமல் சில நிமிடம் பயாஸில் இருப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிபியூ ஃபேனை மட்டும் கழற்றாதீர்கள்.

## அறிகுறி 1: ஆன் செய்ததிலிருந்தே முழு வேகத்தில் ஓடுகிறது, குறைத்தாலும் குறையவில்லை

மூன்று முள் ஃபேன், நான்கு முள் ஹெடர். மிகச் சாதாரணமான காரணம் இதுதான். நான்கு முள் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போகும். நான்காவது முள் வழியாக வரும் பிடபிள்யூஎம் சிக்னல்தான் வேகத்தைச் சொல்லும். மூன்று முள் ஃபேனில் அந்த நான்காவது ஒயரே இல்லை, எனவே ஹெடர் பிடபிள்யூஎம் முறையில் இருந்தால் அது 12 வோல்ட்டை வாங்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடும். பயாஸில் அந்த ஹெடரை ‘டிசி’ அல்லது ‘வோல்டேஜ்’ முறைக்கு மாற்றுங்கள். ‘ஆட்டோ’ சில நேரம் தப்பாகக் கணித்துவிடும், கையால் தேர்ந்தெடுப்பதே நல்லது.

தலைகீழாகவும் நடக்கும். நான்கு முள் ஃபேனை டிசி முறையில் ஓட்டினால் ஓடும், ஆனால் வோல்டேஜ் குறையும்போது திக்கித் திணறும் அல்லது நின்றுவிடும். அதற்குப் பிடபிள்யூஎம் முறை.

தவறான ஹெடர். போர்டில் ‘பம்ப்’ என்று அச்சிட்ட ஹெடர் பல போர்டுகளில் இயல்பாகவே முழு வேகத்துக்கு வைக்கப்பட்டிருக்கும். கேபினட் ஃபேனுக்கு ‘சிஸ்’ அல்லது ‘சிஎச்ஏ’ என்று தொடங்கும் ஹெடர்தான் சரி. பவர் சப்ளையிலிருந்து மோலெக்ஸ் கனெக்டரில் நேராகச் செருகிய ஃபேனை யாராலும் கட்டுப்படுத்த முடியாது, அதை ஹெடருக்கு மாற்றுங்கள்.

ஹப், அதாவது பல ஃபேன்களை ஒரே ஹெடரோடு இணைக்கும் பெட்டி. பவர் சப்ளையிலிருந்து வரும் சாட்டா பவர் ஒயரைச் செருகிவிட்டு, ஹப்பிலிருந்து மதர்போர்டுக்குப் போகவேண்டிய மெல்லிய ஒயரை விட்டுவிடுவது வழக்கமான மறதி. ஃபேன்கள் சுற்றுவதால் எல்லாம் சரி என்றே தோன்றும். இன்னொன்று: பிடபிள்யூஎம் சிக்னலை மட்டும் பிரித்துக் கொடுக்கும் ஹப்பில் மூன்று முள் ஃபேனைச் செருகினால் அது என்றைக்கும் முழு வேகம்தான். வேகம் காட்டும் ஒயர் ஹப்பின் ஒரே ஒரு துளையில்தான் இருக்கும், பெரும்பாலும் முதல் துளையில். அதைக் காலியாக விட்டால் சில போர்டுகள் ஃபேனே இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு மட்டும் இப்படி என்றால் ஃபேனை இயக்கும் மென்பொருள் மறுபடி கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். அப்படியும் தொடர்ந்தால் வேக வரைபடத்தை (எந்த வெப்பத்தில் எந்த வேகம் என்று காட்டும் கோடு) பயாஸிலேயே அமைத்துவிடுங்கள். பயாஸ் அப்டேட் செய்த மறுநாள் இரைச்சல் தொடங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அப்டேட் உங்கள் பழைய அமைப்புகளை அழித்திருக்கும்.

கடைசியாக, ஹெடரே பழுது. அதே ஃபேனை வேறு ஹெடரில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் பழைய ஹெடர் போய்விட்டது. ஒரே ஹெடரில் நிறைய ஃபேன்களைத் தொங்கவிடுவதால் இது நேரலாம். பொதுவாக ஒரு ஹெடரின் வரம்பு 1 ஆம்பியர், போர்டின் கையேட்டில் சரியான எண் இருக்கும். ஃபேன் லேபிளில் உள்ள ஆம்பியர்களைக் கூட்டுங்கள். புறப்படும்போது கூடுதலாக இழுக்கும் என்பதால் கூட்டுத்தொகை 0.7-ஐத் தாண்டினால் சாட்டா பவர் எடுக்கும் ஹப்புக்கு மாறிவிடுவது நல்லது. போன ஹெடரைச் சால்டர் வைத்துப் பார்க்க வேண்டாம். வேறு ஹெடர் காலியாக இல்லையென்றால் போர்டு சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 2: சும்மா இருக்கும்போதே வேகம் ஏறி ஏறி இறங்குகிறது

மனிதக் காது ஒரே சீரான சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், மாறும் சத்தத்தை மறக்காது. 900 ஆர்பிஎம்மில் நிலையாக ஓடும் ஃபேனைவிட 600-க்கும் 1000-க்கும் இடையே அலையும் ஃபேன்தான் எரிச்சல் தரும். அதனால் இந்த அறிகுறிக்குக் கொஞ்சம் பொறுமையாகவே நேரம் ஒதுக்குங்கள், பலன் இதில்தான் அதிகம்.

பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே சிபியூ வெப்பம் ஒரு விநாடியில் 10, 15 டிகிரி துள்ளும், அடுத்த விநாடியே இறங்கும். கேபினட் ஃபேன்கள் வழக்கமாக அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அது துள்ளினால் இவையும் துள்ளும். கேபினட்டுக்குள் இருக்கும் காற்று சூடாகவோ நிமிடக்கணக்கு ஆகும். ஆக, விநாடிக்கு விநாடி துள்ளுவதால் குளிர்ச்சியில் ஒரு லாபமும் இல்லை.

தாமதத்தைக் கூட்டுங்கள். பயாஸில் ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்டெப் டவுன்’ என்று நேர அமைப்பு இருக்கும், ஜிகாபைட்டில் ‘டெம்பரேச்சர் இன்டர்வல்’ என்று டிகிரியில் இருக்கும். கேபினட் ஃபேன்களுக்குக் கிடைப்பதில் உச்ச அளவை வையுங்கள். சிபியூ ஃபேனுக்கு இரண்டு, மூன்று விநாடி போதும்.

வரைபடத்தைத் தட்டையாக்குங்கள். அன்றாட வேலையில் வெப்பம் எந்த எல்லைக்குள் அலைகிறதோ, அந்த எல்லை முழுவதும் ஒரே வேகம் இருக்க வேண்டும். உச்சம் 1500 ஆர்பிஎம் அளவில் உள்ள 120 மி.மீ. ஃபேனுக்கு இப்படித் தொடங்கலாம்: 60 டிகிரி வரை 35 சதவீதம், 70-ல் 45, 78-ல் 60, 88-ல் 100. தொழிற்சாலை அமைப்புகளில் 40 டிகிரியிலிருந்தே கோடு செங்குத்தாக ஏறத் தொடங்கியிருக்கும். பிரச்சினையின் வேர் அதுதான்.

எந்த வெப்பத்தைப் பார்த்து ஓடுகிறது? விளையாட்டுக்குப் பயன்படும் கம்ப்யூட்டரில் கேபினட்டைச் சூடாக்குவது சிபியூவைவிடக் கிராபிக்ஸ் கார்டுதான். ஆனால் பெரும்பாலான பயாஸ்களுக்கு அதன் வெப்பம் தெரியாது. பயாஸோடு நின்றுகொள்வதென்றால் கேபினட் ஃபேனுக்கான மூலத்தைச் ‘சிஸ்டம்’ அல்லது ‘மதர்போர்டு’ சென்சாராக மாற்றுங்கள். அந்த எண் மெதுவாகத்தான் நகரும். அது வழக்கமாகச் சிபியூவைவிடக் குறைவாகவே இருப்பதால் வரைபடத்தின் புள்ளிகளையும் 30-லிருந்து 55 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். விண்டோஸில் ‘ஃபேன் கன்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருள் சிபியூ, ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டின் சிப்) இரண்டில் எது அதிகமோ அதைப் பின்பற்றச் செய்யும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பில் உள்ள பிடபிள்யூஎம்கான்ஃபிக், ஃபேன்கன்ட்ரோல் இரண்டும் அந்த வேலைக்கு.

ஒரு எச்சரிக்கை. மதர்போர்டு நிறுவனத்தின் மென்பொருளும் நீங்கள் நிறுவியதும் ஒரே ஹெடருக்குச் சண்டை போட்டால் அதுவே வேகத்தை அலைய வைக்கும். ஒன்றை அழித்துவிடுங்கள்.

நின்று நின்று புறப்படுகிறதா? அடிமட்ட வேகம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 5 சதவீதம் குறைத்துக்கொண்டே போய் ஃபேன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்கு மேல் 10 சதவீதம் கூட்டி வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து ஆன் செய்து, அந்த வேகத்தில் ஃபேன் நிலையிலிருந்து தானாகக் கிளம்புகிறதா என்றும் பாருங்கள். ஓடிக்கொண்டிருப்பதற்குத் தேவையானதைவிடக் கிளம்புவதற்கு அதிகச் சக்தி வேண்டும்.

## அறிகுறி 3: சத்தமில்லை, ஆனால் உள்ளே கொதிக்கிறது

எதையும் வாங்குவதற்கு முன் பக்கத் தகடு சோதனை. வழக்கமான கனமான வேலையை 20 நிமிடம் ஓடவிட்டு சிபியூ, ஜிபியூ வெப்பங்களைக் குறியுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, அதே அறையில் அதே வேலையை மறுபடி 20 நிமிடம் ஓடவிடுங்கள்.

### 5 டிகிரிக்கு மேல் இறங்கினால்

கேபினட்டுக்கு மூச்சு முட்டுகிறது. வரிசையாகப் பாருங்கள்.

முன்பக்க வடிகட்டியில் தூசி. கழற்றித் தட்டிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஃபேனின் திசை. சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் வழியாகக் காற்று வெளியேறும், திறந்த பக்கம் வழியாக உள்ளே இழுக்கும். சந்தேகமிருந்தால் ஒரு டிஷ்யூ தாளைக் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும் பக்கம் இழுக்கும் பக்கம். முன்னாலும் கீழேயும் இருப்பவை உள்ளே இழுக்க வேண்டும், பின்னாலும் மேலேயும் இருப்பவை வெளியேற்ற வேண்டும். கண்ணாடி வழியாக விளக்குகள் அழகாகத் தெரியட்டும் என்று முன்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டிய கேபினட்டுகள் நிறைய உண்டு.

இடம். முன்னால் இரண்டு உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு இதுவே போதும். மேலே ஒன்று வேண்டுமென்றால் பின்மூலையில் வையுங்கள். மேலே முன்மூலையில் வெளியேற்றும் ஃபேன் இருந்தால் முன்னால் வந்த குளிர்ந்த காற்றை சிபியூ கூலருக்குப் போகும் முன்பே உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். அதைக் கழற்றினாலே சில நேரம் வெப்பம் இறங்கும். மூன்று ஃபேனிலிருந்து ஆறுக்குப் போனால் இரண்டு மூன்று டிகிரிதான் குறையும், சத்தத்துக்கான வாய்ப்போ இரட்டிப்பாகும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால் தூசி வடிகட்டி வழியாக மட்டுமே வரும், இடுக்குகள் வழியாக வராது.

முன்பலகை. அதை முழுதாகக் கழற்றி ஒரு தடவை சோதியுங்கள். கழற்றியதும் வெப்பம் சரிந்தால் பலகைதான் அடைப்பு. மூடிய கண்ணாடி முகப்புக்குப் பின்னால் எவ்வளவு நல்ல ஃபேன் வைத்தாலும் அது மூச்சுத் திணறத்தான் செய்யும். வலை முகப்பு உள்ள கேபினட் ஒன்றே தீர்வு, செலவும் இதில்தான் அதிகம்.

ஃபேன் மாற்றுவது என்று முடிவானால், இடம் கொடுத்தால் 140 மி.மீ. வாங்குங்கள். அதே காற்றைக் குறைந்த சுற்றில் தரும். திருகுத் துளைகளின் இடைவெளி 120 மி.மீ. ஃபேனுக்கு 105, 140 மி.மீ. ஃபேனுக்கு 124.5 மி.மீ., அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

### ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கினால்

கேபினட் ஃபேன்களை விட்டுவிடுங்கள், அவற்றைக் கூட்டுவது வீண். சிபியூ கூலரில் தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட் (சிபியூவுக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை), ஒரு மூலை இறுகாத கூலர் ஆகியவற்றைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டைப் பிரித்துப் பேஸ்ட் மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவர் வேலை. வாரன்டி இருந்தால் அவர்களிடமே விடுங்கள்.

## அறிகுறி 4: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ரீங்காரம்

இதற்கு ஒரே ஒரு சோதனை பாதி வழக்கைத் தீர்த்துவிடும். ஃபேனைத் திருகிலிருந்து கழற்றி, ஒயர் செருகியபடியே, சட்டத்தின் ஓரத்தை விரல்களால் பிடித்து வெளியே எடுத்து, அதே ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள்.

### கையில் அமைதி, கேபினட்டில் சத்தம்

கோளாறு ஃபேனில் இல்லை. பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ரீங்காரம் மாறினால் தகடுதான் அதிர்கிறது: திருகுகளை இறுக்குங்கள், ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பொருத்திகளைப் போடுங்கள். தரையில் ஆடும் கால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தகடு அதிரவில்லை என்றால் வலையைச் சந்தேகப்படுங்கள். ஃபேன் காற்றை இழுக்கும் பக்கத்தில் துளைத் தகடு ஒட்டியபடி இருந்தால் இறக்கைகள் அதன் அருகே வெட்டும்போது ஊளைபோல ஒரு சத்தம் எழும். வெளியே தள்ளும் பக்கத்தில் அதே தகடு இருந்தால் இவ்வளவு தெரியாது. நடுவே 10 மி.மீ. அளவுக்கு இடைவெளிச் சட்டம் வைத்தாலே வித்தியாசம் கேட்கும்.

இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்த வேகத்தையே தாண்டிவிடுங்கள். 850 முதல் 950 ஆர்பிஎம் வரை ரீங்காரம் என்றால், வரைபடத்தில் 800-லிருந்து 1000-க்கு ஒரே டிகிரியில் செங்குத்தாக ஏற்றுங்கள்.

### ‘வூம்… வூம்…’ என்று அலை அலையாக

ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு ஃபேன்களின் சத்தம் ஒன்றோடொன்று மோதுகிறது. ஏழு இறக்கை ஃபேன் 1000 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 117 துடிப்புகளை எழுப்பும், 1030-ல் ஓடும் ஜோடி 120. வித்தியாசமான அந்த மூன்று சொச்சம்தான் விநாடிக்கு மூன்று ‘வூம்’மாகக் கேட்கிறது. முன் ஃபேன்களையும் பின் ஃபேனையும் வேறு ஹெடர்களில் போட்டு 150 ஆர்பிஎம் வித்தியாசம் வையுங்கள். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்கும் விநாடிக்கு 120 தடவை சுற்றுவதால் அதுவும் இந்தக் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். அதைத் திருகும் தட்டுக்கு ரப்பர் வளையம் போடுங்கள்.

### கையிலும் சத்தம்

பேரிங் (இறக்கை சுழலும் அச்சைத் தாங்கும் பகுதி) அல்லது மோட்டார். அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## அறிகுறி 5: டிக் டிக், உரசல், கரகர

பாதி நேரம் இது இறக்கையில் படும் ஒயர். ஒயர்களைப் பின்தகட்டுப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள். அடுத்தது, அளவுக்கு மீறி முடுக்கிய திருகு: நான்கையும் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள், வளைந்த சட்டம் நேராகி உரசல் நிற்கலாம்.

குறைந்த வேகத்தில் மட்டும் மெல்லிய டிக் சத்தம் வந்து, வேகம் ஏறியதும் மறைந்தால் மோட்டாரும் சிக்னலும் ஒத்துப்போகவில்லை. 5, 10 சதவீதம் கூட்டுங்கள், அல்லது பிடபிள்யூஎம்-டிசி முறையை மாற்றிப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் கேபினட்டைப் பக்கவாட்டில் மெதுவாகப் படுக்கவையுங்கள் (ஹார்டு டிஸ்க் இருந்தால் அணைத்துவிட்டு, படுக்கவைத்தபின் ஆன் செய்யுங்கள்). நிலை மாறியதும் சத்தம் மாறினால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஸ்டிக்கரைப் பிரித்து எண்ணெய் விடுவது சில நாள் தாங்கும், அவ்வளவுதான். ஃபேனை மாற்றுங்கள். கிடைமட்டமாக, அதாவது மேல்பலகையில் மாட்டப்போகிறீர்கள் என்றால் சாதாரண ஸ்லீவ் பேரிங்கைத் தவிர்த்து ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் வாங்குவது நல்லது.

தூசி ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றவிட்டால் நல்ல பேரிங்கும் கெடும்.

## அறிகுறி 6: ஃபேன் சுற்றவில்லை, அல்லது ‘சிபியூ ஃபேன் எரர்’ என்று நின்றுவிடுகிறது

எரர் வந்தால் முதலில் சிபியூ கூலரின் ஃபேன் கண்முன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் உடனே அணையுங்கள். சுற்றுகிறது, ஆனாலும் எரர் என்றால் அது வேறு ஹெடரில் இருக்கிறது, அல்லது பயாஸ் எச்சரிக்கை எல்லையைவிட மெதுவாக ஓடுகிறது. எல்லையை 200 ஆர்பிஎம்முக்கு இறக்குங்கள். எச்சரிக்கையையே அணைத்துவைப்பது கூடாது.

கேபினட் ஃபேன் ஒன்று சுற்றவில்லையென்றால் பயாஸில் முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் வேறு ஹெடர். அங்கேயும் இல்லையென்றால் ஃபேன் போய்விட்டது.

விளக்கு மட்டும் எரியாவிட்டால் அது தனி ஒயர். ஒவ்வொரு பல்பின் நிறத்தையும் தனியாக மாற்றக்கூடிய (ஏஆர்ஜிபி) விளக்குக்கு 5 வோல்ட், மூன்று முள். பழைய வகைக்கு 12 வோல்ட், நான்கு முள். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் வலுக்கட்டாயமாகச் செருகினால் எரிந்துபோகும்.

## அறிகுறி 7: எல்லா கேபினட் ஃபேனையும் கழற்றியும் சத்தம் போகவில்லை

கீச்சிடும் மின்சத்தம், விளையாட்டின் மெனுவில் உரக்கக் கேட்டு ஃப்ரேம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதும் குறைந்தால், கிராபிக்ஸ் கார்டில் உள்ள ‘காயில்’ எனும் கம்பிச்சுருள் கத்துகிறது. பழுதல்ல. ஃப்ரேம் வரம்பு வைப்பதுதான் மருந்து.

களகள என்று நீரோட்டச் சத்தம் வாட்டர் கூலரில் காற்று சேர்ந்ததால் வருவது. ரேடியேட்டரின் மேற்பகுதி பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று பம்ப்புக்குள் போகும். மாற்றி மாட்டியும் தொடர்ந்தால் வாரன்டியில் கொடுங்கள்.

பவர் சப்ளையின் ஃபேன். கீழ்த் தகட்டில் துளையும் வடிகட்டியும் இருந்தால் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். ஒயரை உருவிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் அதன் பெட்டியைத் திறக்கவே கூடாது. உரசல், கருகல் வாசனை, ஃபேன் நின்றுபோதல் இவற்றில் எது தெரிந்தாலும் அணைத்துவிட்டு டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள். பவர் சப்ளையை மட்டும் கழற்றிக் கொடுக்காமல் கேபினட்டோடு கொடுத்து, சத்தம் எந்த வேலையின்போது, ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, எந்தெந்த ஃபேனைக் கழற்றிப் பார்த்தீர்கள் என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.